ராய்ஸ் டில்மனின் ஜன்னல்

கடற்படை மாலுமிகளுக்கு வாரண்ட் ஆபீசர் பதவி கொடுத்து விமானிகளாக்கும் திட்டத்தை மூடிவிட்டார்கள் என்று கமாண்டர் அறிவித்தபோது நான் ராய்ஸ் டில்மனுக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். அதனால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிடரியைத்தான் பார்த்தேன். வெயிலில் செங்கல் நிறமாகிப்போன அந்தப் பிடரி, கமாண்டர் பேசி முடிப்பதற்குள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிட்டது.

ஹெலிகாப்டர்களை நிறுத்தும் ஹேங்கரின் கதவு திறந்திருந்தது. செயின்ட் ஜான்ஸ் ஆற்றின் புழுக்கம் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கமாண்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. இனிமேல் புதிதாக யாரையும் எடுக்கமாட்டார்கள். ஏற்கெனவே விமானிக்கான சிறகுச் சின்னம் வாங்கியவர்கள், தங்கள் தகுதித் தேர்வுகளையெல்லாம் உரிய காலத்தில் தேறிக்கொண்டிருக்கும்வரை ஓட்டலாம். எதிலாவது ஒன்றில் தவறினால் பழைய வேலைக்குத் திரும்பவேண்டும். தவறியவனை மறுபடி பரிசீலிக்க முன்பு ஒரு குழு இருந்தது. திட்டமே இல்லாதபோது குழு எங்கிருந்து வரும்?

சொல்லி முடித்ததும் நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் இருந்தது. நான் தெற்கு ஜார்ஜியாவில் வேர்க்கடலை விளைகிற ஊரில் பிறந்தவன். அதனால் படையில் எனக்குப் பெயர் கடலை. காலெப் என்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும். கப்பலில் மற்றவர்கள் சீட்டாடுகிற நேரத்தில் படித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பட்டத்தைக் கையால் தொட்ட முதல் ஆள் நான்தான். அம்மா அதைச் சட்டம் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற பாதிரியாரைக்கூட அதற்கு எதிரில்தான் உட்காரவைக்கிறாள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு, ராய்ஸ் போன வழியிலேயே நானும் போவதாக இருந்தேன். அந்த வழி அன்றைக்கு அடைபட்டது.

எனக்கு வந்தது ஏமாற்றம்தான். அவருக்கு வந்தது வேறு.

எங்கள் ஹெலிகாப்டரில் முன்னால் இரண்டு விமானிகள், பின்கட்டில் என்னைப்போன்ற மாலுமிகள். முன்னால் உட்காருகிறவர்கள் கல்லூரி முடித்து நேராக அதிகாரியாக வந்தவர்கள். கருவிகளைப் பார்ப்பது, கயிறு இறக்குவது, கடலில் விழுந்தவனைத் தூக்குவது எல்லாம் பின்கட்டு வேலை. பின்கட்டுக்காரன் எத்தனை வருடம் பறந்தாலும் பின்கட்டுக்காரன்தான். அந்தத் திட்டம் ஒன்றுதான் அவனை எழுப்பி, வாரண்ட் என்று ஒரு பதவி கொடுத்து, முன்சீட்டில் உட்காரவைத்தது. எங்கள் படைப்பிரிவில் அப்படி உட்கார்ந்தவர் ராய்ஸ் ஒருவர்தான். எல்லோரும் அவரை வாரண்ட் என்றே கூப்பிடுவோம்.

அவர் ஊர் ஓகெஃபெனோக்கீ சதுப்பு நிலத்தின் ஓரம். அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். வீட்டைச் சுற்றி எங்கும் தண்ணீர். தேநீர் டிகாஷன் நிறத்தில், அடி தெரியாமல், முதலைகளோடு கிடக்கும் தண்ணீர். அதில் கால் நனைத்தால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். அதனால் பத்தொன்பது வயதுவரை ராய்ஸ் நீந்தியதே இல்லை. கடற்படையில் சேர்ந்த புதிதில் பயிற்சிக் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்களாம். அப்படிப்பட்டவர் பின்கட்டுக்கு விருப்பம் தெரிவித்தார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கப்பல்ல இருந்தா எந்நேரமும் தண்ணியப் பாக்கணும்டா. மேல போனா கொஞ்சம் தள்ளி இருக்கலாம்னு நெனச்சேன்."

"மேலருந்து விழுந்தாலும் தண்ணிதானே, வாரண்ட்?"

"அத யாரும் அப்ப சொல்லலயே."

பின்கட்டில் பல வருடம் இருந்து, படித்து, நாற்பதை நெருங்கும்போது சிறகு வாங்கினார். சிறகை நெஞ்சில் குத்தியது அவர் மனைவி டெல்ஃபீன். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஊசி சட்டையைத் தாண்டி உள்ளே போய்விட்டதாம். ராய்ஸ் அசையாமல் நின்றாராம். "ரத்தம் வந்தாத்தான் ஒட்டும்" என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இளம் லெப்டினன்ட்கள் அவரைச் சீண்டாமல் இருக்கமாட்டார்கள். பாதி வயதுதான் அவர்களுக்கு, ஆனால் அவர் அவர்களை சார் என்று கூப்பிடவேண்டும்.

"வாரண்ட், உங்க காலத்துல ஹெலிகாப்டருக்குத் துடுப்பு போட்டாங்களாமே?" என்பார் லெப்டினன்ட் கேசி.

"ஆமா சார். நாங்க துடுப்பு போட்டப்ப உங்களுக்கு இடுப்புத்துணி மாத்திட்டு இருந்தாங்க. அதனால உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு விளங்காமல் இருந்தது. புறப்படுவதற்கு முன் எந்த விமானியும் பின்கட்டுக்கு வந்து எட்டிப்பார்ப்பதில்லை. ராய்ஸ் வருவார். என் பக்கத்து ஜன்னலின் கொக்கியைத் தன் கையால் ஒருமுறை அழுத்திப்பார்ப்பார். ஒன்றும் பேசாமல் முன்னால் போய்விடுவார். பழைய பின்கட்டுக்காரன், பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

அறிவிப்பு வந்ததற்கு அடுத்த வாரம் கமாண்டருக்குக் கடைசிப் பறப்பு. அவர் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போகிறார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விமானி ஒருவர் கடைசியாகப் பறந்து இறங்கும்போது, மனைவி மக்களும் கூட இருந்தவர்களும் ஓடுதளத்தில் காத்திருந்து, தீயணைப்புக் குழாயால் அவரை நனைத்தெடுப்பார்கள். வாளிகள், கேக், சின்னப் பிள்ளைகளின் தண்ணீர்த் துப்பாக்கிகள் என்று திருவிழாவாக இருக்கும்.

அன்றைக்கு கமாண்டரின் ஹெலிகாப்டர் முதலில் இறங்குவதாக ஏற்பாடு. அவருக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். ராய்ஸ் வலது சீட்டில், கேசி இடது சீட்டில், நான் பின்னால். கீழே குழாயைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பது தெரிந்தது. கூட்டத்தில் மஞ்சள் சட்டையோடு டெல்ஃபீனும் நின்றாள். கையில் வாளி.

காதுக்கருவியில் ராய்ஸின் குரல் கேட்டது.

"இது யாருக்கு?"

கேசிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "உங்களுக்குத்தான் வாரண்ட். யாரும் சொல்லலையா?"

ராய்ஸ் மூச்சு விடும் சத்தம் மட்டும் காதுக்கருவியில் வந்துகொண்டிருந்தது, ஓடி வந்த ஆள் மூச்சு வாங்குவதுபோல. ஹெலிகாப்டர் பூப்போல இறங்கியது. எஞ்சினை அணைத்தார். காற்றாடி நின்றது. அவர் இறங்கவில்லை. இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு கூட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாரண்ட், சும்மா சொன்னேன். கமாண்டருக்கு. கமாண்டருக்குத்தான்" என்றார் கேசி. அவர் முகமும் செத்துப்போயிருந்தது.

டெல்ஃபீன் வந்து வெளியிலிருந்து ஜன்னலைத் தட்டினாள். "என்ன, கால் மரத்துப்போச்சா? வழிய விடு, கமாண்டர் வர்றாரு."

ராய்ஸ் இறங்கினார். அவர் சட்டையின் முதுகு, யாரும் தண்ணீர் ஊற்றாமலே, முழுக்க நனைந்திருந்தது.

அது தன் கடைசிப் பறப்பு என்று சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் ஏதோ ஒரு தேர்வில் தவறப்போகிறோம் என்று பயப்படவில்லை. எதில் தவறப்போகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அது டப்பா.

அதற்குப் பெரிய பெயர் உண்டு. நாங்கள் டப்பா என்போம். ஹெலிகாப்டரின் உடம்பைப்போலச் செய்த ஒரு பெரிய உருளை. ஆழமான குளத்துக்கு மேல் சங்கிலியில் தொங்கும். உள்ளே நம்மைச் சீட்டில் கட்டிவைத்துத் தண்ணீரில் போடுவார்கள். அது மூழ்கிக்கொண்டே தலைகீழாகப் புரளும். புரண்டு நின்றபிறகு வெளியே வரவேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு இரண்டு தடவை. கறுப்படித்த நீச்சல் கண்ணாடி போட்டு, ஒன்றும் தெரியாமல் இரண்டு தடவை. நாலு வருடத்துக்கு ஒருமுறை விமானியும் பின்கட்டுக்காரனும் இதைத் தேறியாக வேண்டும். தேறாதவன் கடலுக்கு மேல் பறக்கமுடியாது.

செய்யவேண்டியது என்னவோ எளிதுதான். தண்ணீர் ஏறும்போதே ஒரு கையால் உன் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொள். என்ன ஆனாலும் விடாதே. எல்லா அசைவும் நிற்கும்வரை காத்திரு. பிறகு ஜன்னலைத் தள்ளு, பெல்ட்டைக் கழற்று, பிடித்த கை இருக்கும் பக்கமாக வெளியே போ. தலைகீழாகக் கிடக்கும்போது மேல் எது, கீழ் எது, இடம் எது, வலம் எது ஒன்றும் தெரியாது. அந்தக் கை ஒன்றுதான் உனக்கு உலகம்.

அந்தக் கோடையில் ராய்ஸுக்கும் எனக்கும் ஒரே நாளில் முறை வந்தது. அவர் முன்னால் வலது சீட்டு. அவருக்கு நேர் பின்னால், பின்கட்டில் நான். பயிற்சி கொடுப்பவள் மிஸ் லோரெட்டா. ஐம்பது தாண்டியவள், முன்பு கடற்படையில் முக்குளித்தவள், குரலை உயர்த்தியே பேசாதவள்.

"யாருக்காவது பயமா இருக்கா?" என்று கேட்டாள். யாரும் கை தூக்கவில்லை. "நல்லது. பொய் சொல்ற அளவுக்குத் தெம்பு இருக்கு."

கண் திறந்த இரண்டு முறையும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது முறை, கறுப்புக் கண்ணாடி. அவரவர் ஜன்னல் வழியாக அவரவர் வரவேண்டும்.

டப்பா விழுந்தது. குளிர் காலில் தொடங்கி இடுப்புக்கு, நெஞ்சுக்கு, தாடைக்கு வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டேன். உலகம் புரண்டது. மூக்குக்குள் தண்ணீர் ஊசிபோல ஏறியது. கை ஜன்னல் சட்டத்தில். காத்திரு. நின்றது. ஜன்னலைத் தள்ளி, பெல்ட்டைக் கழற்றி, பாதி உடம்பை வெளியே இழுத்திருப்பேன்.

ஏதோ ஒன்று என் கணுக்காலைப் பிடித்தது.

கறுப்புக்குள்ளே, தலைகீழாக, நெஞ்சில் மூச்சு தீர்ந்துகொண்டிருக்கும்போது, நம் காலை ஒரு கை பிடிப்பது எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உதைத்தேன். அது விடவில்லை. இன்னொரு கை வந்து என் முழங்காலைத் தடவியது, ஆளைத் தேடுவதுபோல. நான் வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் வேறு கைகள் வந்து எங்களைப் பிரித்து மேலே கொண்டுபோயின. முக்குளிப்பவர்கள் பக்கத்திலேயே காத்திருப்பார்கள்.

மேலே வந்து இருமி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினால், எதிரில் ராய்ஸ். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"முன்சீட்டு சார், உங்க ஜன்னல் உங்களுக்குப் பிடிக்கலையா?" என்றாள் மிஸ் லோரெட்டா.

நான்காவது முறையும் கறுப்புக் கண்ணாடிதான், ஆனால் எல்லோரும் பின்கட்டின் பெரிய கதவு வழியாக வரவேண்டும். முன்சீட்டு விமானிகள் திணறுவது இதில்தான். ராய்ஸ் எல்லோருக்கும் முன்னால், வீட்டுத் தாழ்வாரத்தில் நடப்பவரைப்போல வெளியே வந்தார்.

நான் என் ஜன்னலில் பாதி வெளியே வந்துவிட்டதால் எனக்குத் தேர்ச்சி போட்ட மிஸ் லோரெட்டா, அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு அருகிலேயே இருந்தேன்.

"பின்கட்டுலருந்து முன்னால போனவங்கதானே நீங்க? அவங்க மட்டும் பண்ற தப்பு இது. வேற எந்த விமானியும் பண்ணமாட்டான். எத்தனையோ வருஷம் அந்தக் கதவு வழியாவே வெளிய வந்த உடம்பு. இருட்டுல அதத்தான் தேடும்."

"தெரியும் மேடம்."

"நாளைக்குக் காலைல இன்னொரு தடவை. அதுலயும் பின்னால போனீங்கன்னா நான் தேறிட்டீங்கன்னு சொல்லமாட்டேன். சொன்னேன்னா, என்னைக்காவது ஒரு நாள் உங்களக் கொன்னது நான்தான்னு ஆயிடும்."

"தெரியும் மேடம்" என்றார் ராய்ஸ் மறுபடியும்.

அன்று சாயங்காலம் டெல்ஃபீன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வெண்ணெய் போட்ட சோளக்கஞ்சியும் இறாலும். ராய்ஸ் கரண்டியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார். ஒரு வாய் உள்ளே போகவில்லை.

"கஞ்சிக்கு மயக்கம் வந்துடப்போகுது, சுத்துனது போதும்" என்றாள் டெல்ஃபீன். அவர் கரண்டியை வைத்தார்.

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்து, கை பழகினால் சரியாகிவிடும், இப்போதே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கட்டிப் பழகலாம் என்றேன்.

"கைக்கு ஜன்னல் எங்க இருக்குன்னு தெரியும்டா" என்றார் ராய்ஸ். "லோரெட்டாம்மா சொல்றது தப்பு. நான் கதவத் தேடல."

"அப்போ?"

அவர் டெல்ஃபீனைப் பார்த்தார். சொல் என்பதுபோல அவள் தலையை ஆட்டினாள்.

"பிரூயிட்னு ஒருத்தன். பின்கட்டுல எங்கூட இருந்தவன். நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். ஒரு நாள் பொழுது சாயற நேரம் கப்பலுக்குத் திரும்பி வர்றோம். வால் காத்தாடி போச்சு. கடல்ல விழுந்துட்டோம். டப்பால சொல்லிக்குடுத்தத அப்படியே செஞ்சேன். கைய விடல, காத்திருந்தேன், கதவு வழியா வந்துட்டேன். முன்னால இருந்த ரெண்டு பேரும் வந்துட்டாங்க. மேல வந்து பாத்தா மூணு தலைதான்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் கதவத் தாண்டறப்ப ஏதோ இடிச்சுச்சு. மெத்துன்னு. சீட்டு மெத்தைன்னு நெனச்சேன். அது அவன் கையா இருந்திருக்கலாம். இல்ல, மெத்தையாவே இருந்திருக்கலாம். அத யார்கிட்ட கேக்கறது?"

"போன தடவை தேறுனீங்களே?"

"போன தடவை பின்னால உக்காந்திருந்தவன் யாருன்னே தெரியாது. இந்தத் தடவை நீ இருந்த."

டெல்ஃபீன் எழுந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். "அப்ப நாளைக்கு வேற ஆள உக்கார வைக்கச் சொல்லு. இவன்தான் தேறிட்டானே. இவன் எதுக்கு?"

"கடல்ல யார் உக்காரப்போறா, டெல்ஃபீன்?"

அவள் தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பாமலே என்னைக் கேட்டாள்:

"நாளைக்கு இவரோட போவியா கண்ணு?"

போகவேண்டிய அவசியம் எனக்கில்லை. நான் தேறியாகிவிட்டது, நாலு வருடத்துக்கு அந்த டப்பாவை நினைக்கவேண்டியதில்லை. கணுக்காலில் அந்த ஐந்து விரலும் இன்னும் இருப்பதுபோலவே இருந்தது. மேசைக்கு அடியில் காலை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"போறேன், மிஸ் டெல்ஃபீன்."

யோசனை சொன்னது நான்தான். டப்பா புரண்டு நின்றதும், ஜன்னலைத் தள்ளுவதற்கு முன்னால், அவருடைய சீட்டின் முதுகை மூன்று தடவை கைமுட்டியால் தட்டுகிறேன். அதற்கு அர்த்தம்: நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், போகிறேன், நீங்களும் போங்கள்.

ராய்ஸ் என்னையே பார்த்தார். "தட்டுறதுக்கும் மூச்சு செலவாகுமேடா."

"மூணு தட்டுதானே."

"தட்டு கேக்கலன்னா நான் பின்னால வந்துருவேன். உன்ன விட்டுட்டுப் போக என்னால முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் காலை மிஸ் லோரெட்டாவிடம் சொன்னோம். "தட்டுங்க, பாடுங்க, பிரார்த்தனை பண்ணுங்க" என்றாள். "எந்த ஜன்னல் வழியா வர்றீங்கன்னு மட்டும்தான் நான் பாப்பேன்."

குளத்தில் எங்கள் இருவரையும் முக்குளிப்பவர்களையும் தவிர யாரும் இல்லை. முந்தின நாள் கூட்டமாக இருந்தபோது கேட்காத சத்தமெல்லாம் அன்றைக்குக் கேட்டது. சங்கிலியின் கிறீச்சொலி. உருளையின் இரும்பிலிருந்து சொட்டும் தண்ணீர். பெல்ட்டைப் பூட்டினேன். எனக்கு முன்னால் ராய்ஸின் தலைக்கவசத்தின் பின்பக்கம் தெரிந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கடலை" என்றார் திரும்பாமலே.

"சொல்லுங்க, வாரண்ட்."

"கண்ணாடியப் போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். கறுப்பு.

விழுந்தோம். நேற்றைவிட வேகமாக ஏறியதுபோல இருந்தது தண்ணீர். கடைசி மூச்சை இழுக்கும்போது பாதி தண்ணீரும் சேர்ந்து வந்தது. புரண்டோம். தொண்டை அடைத்து, இருமல் நெஞ்சுக்குள்ளேயே துள்ளியது. வாயைத் திறக்காமல் அதை விழுங்கினேன். கை சட்டத்தில் இருந்தது. நின்றது. இப்போது தட்டவேண்டும்.

என் உடம்பு முழுக்க ஒரே குரலில் போ, போ என்றது. தட்டாமல் போனால் அந்தக் கை மறுபடி வரும் என்ற பயம்தான் என்னை நிறுத்தியது. அவருடைய சிறகு போய்விடும் என்ற நினைப்பு அந்த நொடியில் எனக்கு இல்லவே இல்லை. இன்னொரு கையை முன்னால் நீட்டினேன். சீட்டின் இரும்புச் சட்டம் கிடைத்தது. முட்டியால் இடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. தோல் உரிந்தது.

ஜன்னல். பெல்ட். வெளியே. எதுவும் என் காலைப் பிடிக்கவில்லை.

மேலே வந்து இருமிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினேன். டப்பாவின் முன்பக்கம், முன்சீட்டு ஜன்னலுக்கு நேராக, ராய்ஸின் தலை தண்ணீருக்கு மேல் இருந்தது. எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். மிஸ் லோரெட்டா குளக்கரையில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"கடலை" என்று கத்தினார். குரல் உடைந்திருந்தது. "கடலை."

"இங்க இருக்கேன். பின்னால."

திரும்பினார். என்னைப் பார்த்தபிறகும் அவர் கண் நம்பவில்லை. கரையேறி, குளத்தின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்தோம். ஒரு முக்குளிப்பவர் துண்டைக் கொண்டுவந்து அவர் தோளில் போர்த்திவிட்டுப் போனார்.

"எப்ப தட்டுன?"

"நின்னதுமே தட்டுனேன், வாரண்ட்." முட்டியைக் காட்டினேன். தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அதை நெடுநேரம் பார்த்தார்.

"கேக்கல" என்றார்.

"மூணு தடவ தட்டுனேன்."

"நீ தட்டலன்னு சொல்லல. எனக்குக் கேக்கல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"காத்திருந்தேன்" என்றார். "கேக்கல. பின்னால வரணும்னுதான் நெனச்சேன். ஆனா கை ஜன்னலத் தள்ளிருச்சு. வந்துட்டேன்."

தேறிவிட்டார். சிறகு நிலைத்துவிட்டது. இரண்டு நாளாக அவர் முகத்தில் இருந்த பயத்துக்குக் காரணம் இப்போது இல்லை. ஆனாலும் அவர் முகம் நேற்றைவிட மோசமாக இருந்தது.

வண்டிக்குப் போனதும் டெல்ஃபீனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவள் பேருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருப்பாள்போல. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பேச்சு எனக்கும் கேட்டது.

"என்ன ஆச்சு?"

"ஓட்டலாம்."

"அப்புறம் ஏன் உன் குரல் இப்படி இருக்கு?"

அவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"ஜன்னல் வழியா வந்துட்டாரு, மிஸ் டெல்ஃபீன்" என்றேன். "தட்டுனது அவருக்குக் கேக்கல. கேக்காமலே வந்துட்டாரு."

அப்புறம், "நீ வந்துட்டியா?" என்று கேட்டாள்.

"வந்துட்டேன்."

"சரி கண்ணு. ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. நேத்து அவர் கிளறிவச்சது அப்படியே இருக்கு."

அதற்கப்புறம் கடலுக்கு மேல் நாங்கள் முதல் தடவை பறந்தது ஒரு மாலையில். காற்று பலமாக இருந்தது, கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. கேசி ஏற்கெனவே முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். ராய்ஸ் வழக்கம்போலப் பின்கட்டுக்கு வந்தார். என் ஜன்னல் கொக்கியை அழுத்திப்பார்த்தார். வழக்கம்போல உடனே போய்விடவில்லை.

"நான் போயிருவேன்டா" என்றார், காற்றாடிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி. "ஏதாவது ஆச்சுன்னா, நான் வரமாட்டேன். போயிருவேன். இப்ப தெரியும் எனக்கு."

"போகத்தான் வேணும், வாரண்ட். டப்பால சொல்லிக்குடுத்ததே அதுதானே."

"நீயா வெளிய வந்துருவல்ல?"

எனக்கு முன்னால் இருக்கிறவர் கடைசிவரை என்னைத் தேடுவார் என்ற நினைப்பு இத்தனை நாளும் எனக்குத் தைரியமாக இருந்தது என்பதே அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது. அது அன்றோடு போய்விட்டது. தட்டும் யோசனையைச் சொல்லி அதைப் போகவைத்தவன் நான்.

"வந்துருவேன்" என்றேன்.

அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். இன்னும் காற்றாடி முழு வேகம் எடுக்கவில்லை, சக்கரம் கப்பலை விட்டு எழும்பவில்லை. நான் என் கையை ஜன்னல் சட்டத்தில் வைத்துக்கொண்டேன். திரும்பி இறங்கும்வரை எடுக்கவில்லை.